காமாரியாவின் ஒரே சட்டி

காமாரியாவின் கைகள் பூண்டு உரிக்கின்றன என்றால், அவளுடைய கணினி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் பின்பக்கம் இருக்கிறது எங்கள் முதியோர் பகல் நிலையம். பராமரிப்பு மேற்பார்வை எனக்கு, பதிவுகள் காமாரியாவுக்கு. சுங்கை பாக்காப்பிலிருந்து பேருந்தும் ஃபெர்ரியுமாகக் கடல் தாண்டி வருகிறவள். கணவன் விட்டுப்போன பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தச் சம்பளம்தான்.

யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், என்ன மருந்து, சீனி எவ்வளவு என்று பல வருடப் பதிவுகள் ஒரு பெரிய கோப்பில் இருந்தன. அதிலிருந்து சமையலறைக்கும் மருந்துக்கும் வேன் ஓட்டுநருக்கும் மேலாளர் ஹக்கீமின் மாத அறிக்கைக்கும் தனித்தனி அட்டவணை. ஒவ்வொரு அட்டவணையும் அத்தனை பதிவுகளுக்கும் சொந்தமாக ஒரு பிரதி வைத்திருந்தது. காலையில் புதுப்பிக்கச் சொன்னால் கணினி திணறும். அது முடியும்வரை காமாரியா சமையல்காரி ருக்குமணியின் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

ஒரு நாள் பூண்டு உரிபடாமல் கிடந்தது. தேநீர் ஆறுவதற்குள் காமாரியா, அன்று யாருக்கு என்ன உணவு என்ற காகிதத்தைச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டாள்.

"என்னடி, அதுக்குள்ளயா?" என்றாள் ருக்குமணி.

"முன்னாடி நாலு பேருக்கு நாலு சட்டி குழம்பு வச்சோம்க்கா. இப்ப நாலு அட்டவணைக்கும் ஒரே பிரதி, ஒரே சட்டி. நாலு பேரும் அதுலயே மோந்துக்கலாம்."

"அதுல உப்பு கூடிப்போச்சுன்னா நாலு பேருக்கும் கூடும்லா."

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. நான்கு நோயாளிகளை நொடியில் குளிப்பாட்டிவிட்டேன் என்று சொல்கிறவள் நான்கு முகங்களைத்தான் துடைத்திருப்பாள். என் வேலையில் பார்த்திருக்கிறேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு நாற்காலி நாற்காலியாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சந்தேகம் போகவில்லை.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அது பிசகியது. பழனியப்பனுக்கு அந்த மாத நடுவில்தான் நீரிழிவு என்று தெரிந்து, சீனி நிறுத்தியிருந்தோம். அன்றைய காகிதத்தில் அவர் பெயர் இரண்டு தடவை இருந்தது: சாதாரண உணவில் ஒன்று, சீனியில்லாததில் ஒன்று. சாதாரண உணவுக்கு எதிரே இருந்த எண் பெரியது. ருக்குமணி பெரிய எண்ணைப் பார்த்துக் கேசரி கொடுத்துவிட்டாள். மாலையில் அவருக்குச் சீனி எகிறியிருந்தது. அழைத்துப்போக வந்த மகள் மோகனா வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

ஹக்கீம் காமாரியாவைக் கூப்பிட்டார். "கோப்பைத் திறக்கறது நீயும் நானும்தான். நான் என் அறிக்கையை மட்டும்தான் பார்த்தேன். சமையலறைக் காகிதத்தை யாரு மாத்துனா?"

"நான் மாத்தலண்ணே. நாள் கணக்கா இருந்தது எப்படியோ மாசக் கணக்கா ஆயிருக்கு. திருப்பி வச்சுட்டேன்."

"மாத்தாதவளுக்குத் திருப்பி வைக்க மட்டும் தெரியுதா?"

எனக்கும் அதே கேள்விதான்.

திங்கட்கிழமை ஹக்கீம் இன்னும் கோபமாக வந்தார். "இப்ப என் அறிக்கையும் கலைஞ்சு கிடக்கு. மாசமெல்லாம் நாள் நாளா உடைஞ்சிருக்கு. பழிவாங்கறியா? நாளையிலேருந்து வேற ஆள் பார்த்துக்கறேன்."

காமாரியா கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒருவருக்குத் திடீரென்று உடம்பில் தடிப்பு எழுந்தால், அதற்கு முன்னால் என்ன கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

"வெள்ளிக்கிழமை காகிதம் எடுக்கறதுக்கு முன்னாடி இதை யாரு தொட்டா?"

"ஹக்கீம் அண்ணே. அறிக்கைக்காகத் தேதியையெல்லாம் மாசமாச் சேர்த்துப் பார்த்தாரு."

"அதையே இப்ப நீ செய். நான் பார்க்கிறேன்."

ஹக்கீமின் அட்டவணையில் தேதிகளை மாதமாகச் சேர்த்தாள். பிறகு சமையலறை அட்டவணையைத் திறந்தாள். அங்கேயும் நாட்கள் போய் மாதம் வந்திருந்தது. பழனியப்பன் மறுபடி இரண்டு இடத்தில் இருந்தார்: நீரிழிவு தெரிவதற்கு முந்தைய நாட்களின் எண்ணிக்கை ஒன்றில், பிந்தைய நாட்களின் எண்ணிக்கை இன்னொன்றில்.

"சட்டி ஒண்ணுதானேக்கா," என்றாள் மெதுவாக. "அவரு கிண்டுனா இங்கயும் கலங்குது. நான் இங்க சரிபண்ணப்போய் அங்க அவருது கலைஞ்சிருக்கு."

"ஒண்ணாக் கட்டினவ, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு என்ன ஆகும்னு பார்த்திருக்கணும். காகிதத்தையும் படிச்சிட்டு ஒட்டியிருக்கணும்."

"ஆமாக்கா."

ஹக்கீமைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் நம்பவில்லை. தானே மாற்றிப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், மறுபடியும் மாற்றினார்.

"அப்ப கேசரி குடுத்தது நான்தாங்கிறீங்களா?" என்றார் என்னிடம்.

"குடுத்தது ருக்குமணி. கலக்கினது நீங்க. சோதிக்காம விட்டது இவ. வேற ஆள் பார்க்கறதுன்னா மூணு ஆள் பார்க்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குள்ள சரியா இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் காமாரியா ஹக்கீமின் அறிக்கைக்கு மட்டும் தனிப் பிரதி கொடுத்தாள். சமையலறையும் மருந்தும் வேனும் ஒரே சட்டியில் தொடர்ந்தன. ஹக்கீமுடையது புதுப்பித்து முடிவதற்குள் கொஞ்சம் பூண்டும் உரித்துக் கொடுத்தாள். காகிதத்தை வரிவரியாகப் படித்துவிட்டுக் கதவில் ஒட்டினாள். ருக்குமணி அதைக் கதவிலிருந்து பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு, அரிசி களைவதற்கு முன்னால் கூடத்துக்குப் போய், ஒவ்வொரு நாற்காலியாக நின்று, "உங்களுக்குச் சீனி உண்டா, இல்லையா?" என்று கேட்டாள். நான் பின்னாலேயே நடந்து காகிதத்தில் குறி போட்டேன்.