சாண் எழுத்துச் சட்டம்

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தால் முதலில் 'இல்ல' வந்துவிடும். எதையோ மறுக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. "மழை வருமா?" என்று கேட்டால், "இல்ல, கண்டிப்பா வரும், குடை எடுத்துக்கோங்க" என்பார். "நல்லா இருக்கீங்களா?" என்றால், "இல்ல, நல்லா இருக்கேன்" என்பார். எல்லாம் தொழில் தந்த வியாதி. ஆயுளில் முக்கால்வாசியை அவர் ஓர் இருட்டறையில் கழித்தவர். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா? இல்ல, இதுலயா? இல்ல, முன்ன போட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்த நாக்கு, கடையைச் சாத்திய பிறகும் அந்தச் சொல்லை விடவில்லை.

வீட்டில் இதனால் ஒரு தொல்லையும் கிடையாது. அவர் மனைவி ஒரு காலத்தில் கடைக்கு வந்த வாடிக்கையாளர்தான். "என்னைக் கட்டிக்கறீங்களா?" என்று கேட்டதும் அவள்தான். "இல்ல, எப்போ?" என்றார் அவர். முதல் வார்த்தையைக் கழித்துவிட்டுக் கேட்டால் மனுஷன் தங்கம் என்று அவளுக்கு அன்றே புரிந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் சட்டமன்ற உறுப்பினர் ஆனது அக்காவால்.

அக்கா நகரத்தின் மறுகோடியில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. "மாவுக்குக் கண்ணு எதுக்கு? கை போதும்" என்பாள். ஆனால் பேக்கரிக்குப் போகப் பதினாறாம் எண் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் பார்வை மங்க மங்க, பதினாறும் பதினெட்டும் ஒரே எண்ணாகிவிட்டன. பதினெட்டு நேராக விமான நிலையம் போகும் பஸ். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பறக்கப் போகிறவர்களுக்கு நடுவே அக்கா பேக்கரி ஏப்ரனோடு அடிக்கடி நின்றாள். "இன்னொரு தடவை ஏர்போர்ட் போனீங்கன்னா, அப்படியே எங்கயாவது பறந்துடுங்கம்மா, இங்க வராதீங்க" என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார்.

"டேய், இன்னும் கொஞ்சம் தடியா ஒரு கண்ணாடி போடுடா" என்று அக்கா தம்பியிடம் வந்தாள்.

"இல்ல, இதுக்கு மேல போட்டா மூக்கு தாங்காதுக்கா."

"மூக்கு என்னோடது. அது தாங்கும்."

"இல்ல, மூக்கு தாங்கினாலும் கண்ணுல வழியில்லக்கா."

"அப்ப வேலைய விட்டுட்டு உன் வீட்டு சோபாவுல உக்காந்து டிவி சத்தத்தைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கணும். அதானே? அதுக்கு நான் ஏர்போர்ட்லயே குடியிருந்துக்கறேன்."

அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரருக்கு அது உறைத்தது. கண்ணைப் பெரிதாக்க வழியில்லை. எழுத்தைப் பெரிதாக்கலாமே? பஸ் நெற்றியில் எண்ணை ஒரு சாண் உயரத்துக்கு எழுதினால் யார் குடி முழுகிவிடும்? போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அங்கே இருந்த அதிகாரி டீயை உறிஞ்சிக்கொண்டே, "எழுத்தோட அளவு சட்டத்துல இருக்கு. மாத்தணும்னா நீங்க சட்டமன்றத்துக்குத்தான் போகணும்" என்றார். விரட்டிவிடுவதற்காகச் சொன்ன பேச்சு. கண்ணாடிக்காரர் அதை வழி சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

தேர்தல் சுலபமாகத்தான் இருந்தது. தொகுதியில் பாதிப் பேர் அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் வாக்குச்சீட்டையே பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "ஜெயிச்சுட்டா எங்கள மறந்துடுவீங்களா?" என்று கத்தினார். "இல்ல" என்று அவர் ஆரம்பித்ததுமே கைதட்டல் கிளம்பி, மிச்சப் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

விபரீதம் சபைக்குள் தொடங்கியது. அங்கே பெயரை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வாக்களிக்க வேண்டும். முன்னொரு காலத்தில் உறுப்பினர்கள் "ஆம், ஆனால் யோசித்துப் பார்த்தால்…" என்று இழுத்து, சாப்பாட்டு வேளையைத் தாண்டி 'இல்லை'யில் வந்து முடிப்பார்களாம். அதனால் ஒரு விதி போட்டிருந்தார்கள்: எழுந்தவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லே வாக்கு.

முதல் நாள் வாக்கெடுப்பு, பாலங்களைப் பழுது பார்ப்பது பற்றியது. அவர் சேர்ந்திருந்த ஆளுங்கட்சியே கொண்டுவந்த மசோதா. கண்ணாடிக்காரர் உற்சாகமாக எழுந்தார். "இல்ல, நான் இதை முழு மனசோட…"

"இல்லை" என்று பதிவானது.

"இல்ல, நான் ஆமான்னு சொல்லத்தான்…"

"உறுப்பினர் இரண்டு முறை மறுத்துவிட்டார். அமரலாம்" என்றார் சபாநாயகர்.

அதன் பிறகு அவர் வாக்குகளின் வரலாறு ஒரே நேர்கோடு. பட்ஜெட்டுக்கு இல்லை. பள்ளிக்கூடக் கூரைக்கு இல்லை. குடிதண்ணீருக்கு இல்லை. இறந்துபோன முன்னாள் உறுப்பினருக்கு இரங்கல் தெரிவிக்கலாமா என்பதற்கும் இல்லை. அன்று இறந்தவரின் மைத்துனர் அவரைக் கார் நிறுத்துமிடம் வரை துரத்தினார். கட்சியை விட்டு நீக்கிவிடலாம் என்று தலைமை முடிவெடுத்த வாரம், எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. அதற்கும் அவர் இல்லை என்றார். ஆட்சி ஒரே வாக்கில் பிழைத்தது. ஆட்சியைக் காப்பாற்றிய மனிதரை எப்படி நீக்குவது? தலைமை தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

உறுப்பினர்களின் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அவர் ஒருவர் மட்டும் இல்லை சொன்னபோது பத்திரிகைகள் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. 'வளையாத முதுகெலும்பு' என்று தலையங்கம் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் ரெக்கார்டரோடு கடைக்கே வந்துவிட்டார்.

"ஐயா, அரசுன்னு ஒண்ணே தேவையில்லைங்கறதுதான் உங்க கொள்கையா?"

"இல்ல, அரசு வேணும் தம்பி."

"அற்புதம்! மறுத்துக்கிட்டே ஏத்துக்கறீங்க!" ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் அதைக் கிட்டப்பார்வை என்று நினைத்து அவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்து அனுப்பினார்.

இவ்வளவு அமர்க்களத்துக்கு நடுவிலும் அவர் தன் மசோதாவை மறக்கவில்லை. ஒருவழியாக அது விவாதத்துக்கு வந்தது. 'யாருடைய சாண்?' என்பதே முதல் கேள்வியாகக் கிளம்பியது. கையளவைத் தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். குழு உறுப்பினர்கள் மேஜைமேல் விரல்களை விரித்து வைத்து அளந்தார்கள். அமைச்சரின் கை சின்னது என்று தெரியவந்து, அது கட்சிக்குள் மனக்கசப்பாகி, இரண்டு பேர் குழுவிலிருந்து விலகினார்கள். இதற்குள் அக்கா இன்னொரு முறை விமான நிலையம் போய் வந்திருந்தாள். "இந்த மாசக் கடைசியோட நின்னுக்கோங்கம்மா" என்று முதலாளி சொல்லியாகிவிட்டது. சட்டம் வந்தால் வேலை, வராவிட்டால் சோபா.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஆதரவும் எதிர்ப்பும் சரிசமம். கண்ணாடிக்காரர் ஒருவரின் வாக்குத்தான் முடிவு செய்யும். அவரோ எழுந்ததும் இல்ல என்பார்.

அந்த நாக்கைத் திருத்த மனைவி கங்கணம் கட்டிக்கொண்டாள். "சாப்பிடறீங்களா?" என்று தட்டை நீட்டுவாள். "இல்ல, போடு" என்பார். தட்டு உள்ளே போய்விடும். இப்படியே அவர் அரை ஆளாக இளைத்தார். நாக்கு மட்டும் இளைக்கவில்லை. கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள்.

"'இ'ன்னு சொல்லணும்னா பல்லு தெரியணும். 'ஆ'ன்னு சொல்லணும்னா வாயத் திறக்கணும். முன்னாடியே வாயத் திறந்து வச்சுக்கிட்டா 'இ' எப்படிடா வரும்?"

"அண்ணி, நீங்க எங்கயோ இருக்க வேண்டியவங்க" என்றாள் மனைவி.

"அதான் ஏர்போர்ட்ல இருக்கேனே."

அவர் வாயை 'ஆ' என்று திறந்து வைத்திருக்க, மனைவி கேள்வி கேட்டால், மெய்யாகவே 'ஆம்' வந்தது. அன்று அவருக்கு வயிறாரச் சாப்பாடும் கிடைத்தது.

இதே நேரத்தில் கட்சிக் கொறடாவும் சும்மா இல்லை. யார் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவர் அவர். கண்ணாடிக்காரர்மேல் மெய்யான பிரியம் உள்ளவர். 'இந்த மனுஷனை மாற்ற முடியாது, கேள்வியை மாற்றிவிடுவோம்' என்று அவர் முடிவு செய்தார். மசோதாவை ஏற்கலாமா என்று கேட்பதற்குப் பதிலாக, மசோதாவைக் கைவிடலாமா என்று கேட்கும்படி ஒரு தீர்மானத்தை ஆள் வைத்துக் கொண்டுவரச் செய்தார். வழக்கம்போல் இவர் இல்லை என்பார், கைவிடும் தீர்மானம் தோற்கும், மசோதா நிறைவேறும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் யோசிப்பார், யோசித்தால் உளறுவார் என்ற பயம்.

அன்று சபையில் கண்ணாடிக்காரர் வாயை அகலமாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பல் வைத்தியரிடம் வந்தவர் மாதிரி. பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் நீட்டினார்; தலையை ஆட்டி மறுத்தார். செயலாளர் தீர்மானத்தை மூச்சுவிடாமல் வாசித்தார். தாடையைப் பிடித்து நிறுத்துவதிலேயே குறியாக இருந்தவருக்கு அதில் ஒரு சொல்லும் ஏறவில்லை.

தூரத்திலிருந்து அந்தத் திறந்த வாயைப் பார்த்த கொறடா பதறி எழுந்தார். குனிந்து குனிந்து ஓடிவந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க? வாய மூடுங்க!"

"ஆ" என்றார் கண்ணாடிக்காரர்.

"இன்னைக்கு இல்லன்னே சொல்லுங்கண்ணே! உங்க வழக்கப்படியே சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்!"

கண்ணாடிக்காரரின் முகம் சிவந்தது. இத்தனை நாள் கூடவே இருந்து குழி பறித்தவன் இவன்தானா! பார்வையாலேயே அவரைச் சுட்டார். கொறடா அவர் தாடையைக் கையால் அழுத்தி மூடப் பார்த்தார். சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். பெயர் வாசிக்கப்பட்டது. கண்ணாடிக்காரர் கொறடாவின் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ஆம்!"

சபையே ஒரு கணம் திகைத்தது. பிறகு இரு தரப்பும் எழுந்து நின்று கைதட்டியது. பத்திரிகைக்காரர்கள் வெளியே ஓடினார்கள். கொறடா மட்டும் நாற்காலியில் சரிந்து, "போச்சு" என்றார். என்ன போச்சு என்பதை அவர் நாலு வார்த்தையில் விளக்கியதும் கண்ணாடிக்காரருக்கு முகம் வெளுத்தது. கையைத் தூக்கினார்.

சபாநாயகர் கனிவோடு பார்த்தார். "உறுப்பினர் தம் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புகிறாரா?"

"இல்ல, மாத்திக்கறேன்! மாத்திக்கறேன் ஐயா!"

"விரும்பவில்லை" என்று பதிவானது. மசோதா கைவிடப்பட்டது.

வீட்டில் அக்கா அடுக்களையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றிய சத்தம்கூடக் கேட்காமல் உள்ளே வந்து நின்றார்.

"என்னடா, பாஸாச்சா?"

"இல்ல" என்றார்.

அக்காவும் மனைவியும் அடுத்த வார்த்தைக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் இறக்கி வைக்கவில்லை.

"மிச்சத்தையும் சொல்லேன்டா."

"அவ்வளவுதான்க்கா."

வாயைத் திறந்து வைத்ததையும் கொறடா கெஞ்சியதையும் அவர் சொல்லச் சொல்ல, அக்கா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். 'விரும்பவில்லை என்று பதிவானது' என்ற இடம் வந்ததும் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்புக்காக மட்டும் துடைத்ததாகத் தெரியவில்லை. வெகுநேரம் துடைத்தாள்.

"சரி" என்றாள் பிறகு, கண்ணாடியை மாட்டியபடி. "அடுத்த தேர்தல்ல நான் நிக்கறேன்."

"அண்ணி!"

"என்ன அண்ணி? மாசக் கடைசியோட வேலை போகுது. வேற என்ன செய்யச் சொல்ற? எனக்குக் கண்ணுதான் தெரியல. வாய் நல்லா இருக்கு. எங்க ஆம்னு சொல்லணும், எங்க இல்லன்னு சொல்லணும்னு அதுக்குத் தெரியும்." தம்பி நின்ற பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. எனக்கு ஓட்டுப் போடுவியா?"

"இல்ல…" என்று தொடங்கினார் கண்ணாடிக்காரர்.

"போதும்" என்று கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள் அக்கா. மனைவி பக்கம் திரும்பி, "ஒரு ஓட்டு ஆச்சு. நீ?" என்றாள்.