நாற்காலித் தொழுகை

அகமது மீரான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, பக்கத்து வீட்டிலிருந்து பார்க்க வந்திருக்கும் என் பக்கம் திரும்புகிறார். "மூணா, நாலா வே?" பிற்பகல் அசர் தொழுகைக்கு நான்கு ரக்அத், நான்கு முறை நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழ வேண்டும். இவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் எல்லாமே ஒரு தலையசைப்புதான். எண்ணவில்லை என்கிறேன். மூன்றாம் தடவையாக முதலிலிருந்து தொடங்குகிறார்.

வயது எழுபத்தாறு. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் முப்பத்து நான்கு வருடம் இயந்திர வரிசைகளுக்கு நடுவே நடந்து, அறுந்த இழைகளை ஒட்டியவர். ஓய்வுக்குப் பிறகும் ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தார். எதிர்ப்படுகிறவனைத் தகப்பன் பெயர் சொல்லித்தான் வம்புக்கு இழுப்பார்.

போன மழையில் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. மாத்திரை சாப்பிட வேண்டும், துணையோடு தினமும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரையை வாங்கினார்கள். சவுதியில் தம்மாமில் இருக்கும் மகன் ரசீத், நடக்கவே விடக் கூடாது என்று போனிலேயே தீர்ப்புச் சொன்னான். மருமகள் மும்தாஜ் பேகம் கேட்டைப் பூட்டினாள். தெருவே அவனை நல்ல பிள்ளை என்றது. நான் சொல்ல மாட்டேன்.

எட்டு மாதத்தில் தொடை வற்றிவிட்டது. கைலி இடுப்பில் நிற்பதில்லை. உடன் வேலை பார்த்த அலி அஸ்கரின் பெயர் முதலில் நினைவிலிருந்து போயிற்று; பிறகு கிழமைகள். "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள் மும்தாஜ். வயதின் மேல் பழி போட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனம் தலைக்குள் தனிக்குடித்தனம் நடத்துவதாக நம்புகிறவர்கள்தான் காலை முடக்கிவிட்டு நினைவுக்கு மாத்திரை வாங்குவார்கள். இது தெரியாதவர் இல்லை அகமது மீரான்.

"நின்னு தொழுதா காலு எண்ணிக்கிடும் வே. ஒக்காந்தே கெடந்தா எவன் எண்ணுவான்?"

அன்று அந்தத் தொழுகை முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போனில் ரசீதின் முகம் வந்தது.

"வாப்பா, நாக்காலிய விட்டு எந்திரிக்கலைல்லா?"

"இல்லலே."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியலன்னு சொன்னா வந்து பாப்பியாலே?"

அவன் சிரித்தான். "லீவு கெடைக்கணும்லா வாப்பா. நீங்க அங்கனயே பைய இருங்க."

அகமது மீரான் சிரிக்கவில்லை. போனை என் கையில் திணித்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, கேமரா தன் பாதங்களைப் பார்க்கும்வரை கீழே இறக்கினார். பிறகு ஜன்னல் கம்பியைப் பற்றி எழுந்து, வலது காலை முன்னால் எடுத்து வைத்தார்.