'மற்றவை'யில் சேராத கோமதி அக்கா

கோமதி அக்கா போய்விட்டார் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் மகள் போன் செய்தபோது, தில்லை நகரில் எங்கள் மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில் மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி அவர். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. கழுத்தில் வீக்கம் தெரிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

சாவு வீட்டுக்கு வந்த உங்களில் எத்தனை பேர் என் காதருகே வந்து, "புகையிலை போடுவாங்களோ?" என்று கேட்டீர்கள்! அக்கா வெற்றிலைகூடப் போட்டதில்லை. அவருக்கு வந்தது தைராய்டு புற்றுநோயில் மிக அரிதான, மிக வேகமான வகை. இரங்கல் கூட்டத்தில் எங்கள் மேலாளர் அவரை "சாந்த சொரூபி" என்றார். அக்காவா? அவரைப் போல் சண்டைக்காரி அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அதிகம் சண்டை போட்டதும் அந்த மேலாளரோடுதான்.

எங்கள் அறிக்கையில் அடிக்கடி வரும் நோய்களுக்குத் தனித்தனி வரி உண்டு. எப்போதாவது வருவதெல்லாம் கடைசியில் 'மற்றவை' என்ற வரிக்குள் போய்விடும். ஒருமுறை மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை பார்த்த ஓர் அம்மாவை நான் அதில் தள்ளினேன். அக்கா தாளைப் பிடுங்கிக் கிழித்தார். "டாக்டர் நோயோட பேரை எழுதியிருக்காருல்ல? அதைப் பாத்து எழுத உனக்குக் கை வலிக்குதா?" திரும்ப எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு மற்றவையிலேயே சேர்த்தார்.

"ஒரே ஒரு ஆளுக்குத் தனி வரியாம்மா?"

"அரிது அரிதுன்னு சொல்றீங்களே சார், எண்ணிப் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

மேலாளர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அக்காவின் சோதனை முடிவு வந்த அன்று நான்தான் கூடப் போனேன். புதிதாகச் சேர்ந்த டாக்டர் பழைய அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "இது ரொம்ப அரிதுங்கம்மா. இங்க இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லை" என்றார். அதற்குள் அக்காவின் குரல் கம்மிப்போயிருந்தது. "வந்திருக்கு டாக்டர். மண்ணச்சநல்லூர் அம்மா ஒருத்தங்க. ஃபைல் கட்டினது நான்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வரி இருந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆனால், ஊரில் யாருக்கும் வராதது உனக்கு மட்டும் வந்தது என்ற பேச்சைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டாம். அந்தப் பொய்யில் என் கையும் இருக்கிறது.

சாவுச் செய்தி வந்த அன்று எழுதிக்கொண்டிருந்த அறிக்கையில் அந்த நோயின் பெயரை முழுதாக எழுதித் தனி வரி போட்டேன். மேலாளர் கூப்பிட்டார்.

"கோமதி ஒருத்திக்காகவா இது?"

மண்ணச்சநல்லூர் அம்மாவின் பழைய ஃபைலை அவர் மேசைமேல் போட்டேன். "ஒருத்தர் இல்லைங்க சார். ரெண்டு பேர்."

அவர் பேனாவை எடுத்தார். நான் தாளை விடவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இந்தச் சண்டையைத்தான்.