விரிசலுக்குக் கட்டின பாய்

அறுபதுகளோட தொடக்கம். இராமேஸ்வரம் தீவுல, கடலைப் பார்த்த எங்க மீனவத் தெருவுல, எங்க வீடு ஒண்ணுதான் கான்கிரீட் தளம் போட்ட வீடு. எங்க அப்பாவை நாங்க அய்யான்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தத் தளத்துல தலைகால் புரியாத பெருமை. ஆத்து மணலுக்கு அம்புட்டுத் தூரம் யாரு போக, வாசல்லயே கடல் மணல் கிடக்கேன்னு அதையே அள்ளிக் கலந்து போட்ட தளம் அது!

உப்பு சும்மா இருக்குமா? உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதி, நடுக்கூடத்துக்கு மேல நேர்கோடா ஒரு விரிசல். துடுப்பால தட்டினா மத்த இடமெல்லாம் 'டங்'குன்னு கேக்கும், அங்கன மட்டும் 'பொத்'துன்னு கேக்கும். அய்யாவுக்குத் தெரிஞ்சது வள்ளத்து வைத்தியம்தான். ஓட்டை வள்ளத்துக்குச் செய்யிற மாதிரியே பஞ்சைத் திணிச்சு, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசினார். வெயில் ஏறவும் அது உருகி, சாப்பிட்டுக்கிட்டிருந்த அவரோட வழுக்கைத் தலையிலயே சொட்டுச்சு. அம்மா சிரிச்ச சிரிப்புல மனுசன் சோத்தைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சுட்டார்.

அந்த நேரம் பார்த்து, பாம்பன்ல இருந்து என்னைப் பொண்ணு கேட்டு வாராங்கன்னு தகவல். மாப்பிள்ளையைக் கோயில் திருவிழாவுல பார்த்திருந்தேன். எனக்குப் பிடிச்சுப்போச்சு, அதை வாய்விட்டு யாருகிட்டச் சொல்ல? அவங்களுக்குத் தளம் போட்ட வீட்டுப் பொண்ணுன்னு ஆசையாம். விரிசலைப் பார்த்தா பேச்சு முறிஞ்சிருமேன்னு நான் அண்ணாந்து அண்ணாந்து அதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்.

அய்யா அசரலை. வள்ளத்துல காத்துக்கு விரிக்கிற பாயை அலசிக் காயவச்சு, சுவத்துல இரும்பு வளையம் அடிச்சு, தளத்துக்குக் கீழ மேற்கட்டியா இழுத்துக் கட்டிட்டார். "நல்ல காரியமாச்சே, மேற்கட்டி இல்லாமலா?"ன்னு வந்தவங்களுக்கு விளக்கம் வேற!

வெத்தலைத் தட்டை எடுக்கப் போற நேரம். மாப்பிள்ளை வாரதைப் பார்க்க எங்க தளத்து மேல ஏறியிருந்த தெருப் பொம்பளைங்க, தட்டு மாத்துறதைப் பார்க்கக் கீழ இறங்கத் தடதடன்னு ஓடினாங்க. 'தொம்'முன்னு ஒரு சத்தம். பாய் நெறைமாசக்காரி வயிறு மாதிரி இறங்கித் தொங்குச்சு. சரியா மாப்பிள்ளையோட அப்பா தலைக்கு மேல! அவர் காப்பியில சிமெண்டுத் தூள் மிதக்குது.

அய்யா முகத்தை மாத்தாம, "இன்னைக்குக் கச்சான் காத்து கொஞ்சம் கூடுதல்"ன்னார். வீட்டுல ஒரு ஜன்னல் திறக்கலை!

மாப்பிள்ளையோட அப்பாவும் வள்ளக்காரர்தானே. எந்திரிச்சுப் பாயை அடியில தொட்டுப் பார்த்தார். "இம்புட்டுக் கனமான காத்தை நான் பார்த்ததில்லை. ஏலே, எல்லாரும் வெளிய போங்க"ன்னார். முடிஞ்சுது நம்ம கல்யாணம்னு நான் வாசல் மணல்ல நின்னு அழுதுட்டேன்.

ஆம்பளைங்க பாயை மெல்ல இறக்கினா, உள்ள ஆட்டுக்கல் தண்டிக்கு ஒரு கான்கிரீட் கட்டி. பாய் இல்லைன்னா அந்த மனுசன் அங்கனயே போயிருப்பார். மாப்பிள்ளையோட அப்பாவோ அய்யா போட்ட முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துட்டு, "வீடு கட்டத் தெரியலை சம்பந்தி, ஆனா பாய் கட்டத் தெரியுது"ன்னார். சம்பந்தின்னு காதுல விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அந்த மணல்லயே உட்கார்ந்து வெத்தலை மாத்தினாங்க.

இன்னைக்கும் என் வீட்டுக்கு யாரு வந்தாலும், சுவத்துல இருக்கிற சின்னக் கீறலைக்கூட நானே முதல்ல காட்டிட்டுத்தான் உட்காரச் சொல்வேன். எல்லா நேரமும் பாய் தாங்குமா?