லெமினேட் செய்த ரசீது

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர் நெடுநெடுவென்று உயரமாக இருப்பார்; முகக்கவசத்துக்கு மேலே நரைத்த புருவம் மட்டும் தெரியும். முக்கியமான காகிதம் எது கிடைத்தாலும் லெமினேட் செய்துவிடுவார். தடுப்பூசி அட்டை, பஸ் பெர்மிட், மகளின் பரீட்சை முடிவு எல்லாம் பஸ்ஸில் அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும்.

கோவிட் காலத்தில், உள்நாட்டில் சுற்றுலா போனால் ஹோட்டல் செலவுக்கு வரிக் கழிவு உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. அதை அவரிடம் சொன்னவன், ஆபீஸில் வேலை செய்யும் நான்தான். "ரசீத மட்டும் பத்திரமா வைங்கண்ணே" என்றேன்.

வருமான வரிப் பாரம் நிரப்பும் சமயத்தில், மலாக்கா ஹோட்டல் ரசீதை லெமினேட் செய்து என்னிடம் நீட்டினார். அவருடைய சம்பளத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, உங்க சம்பளத்துக்கு வரியே இல்ல. வரி கட்டுறவங்களுக்குத்தான் கழிவு."

"அப்போ உங்களுக்குக் கிடைக்குமா, தம்பி?"

"கிடைக்கும்ணே."

ரசீதை வாங்கிச் சட்டையில் துடைத்தார். "காசு போனா போவுது லா. நம்மளையும்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சு பொண்டாட்டிய கூட்டிக்கிட்டுப் போனேன். பத்திரிகை வைக்காத கல்யாணத்துல போய் உக்காந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு."

மறுநாள் அந்த ரசீதும் அவர் தலைக்கு மேலே தொங்கியது. ஏன் மாட்டினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வழக்கமாக முன்னால் உட்காரும் நான் கடைசி இருக்கைக்கு மாறினேன். அங்கிருந்தும் அது தெரிந்தது.