என் குரல் இல்லாத சனிக்கிழமையும் எங்கள் குழு விருதும்

தொண்டையில் சின்ன அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் டாக்டர் சொன்னது, "பேசவே கூடாது." இரண்டு வாரத்துக்கு முனகக்கூடக் கூடாதாம். பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு அது பெரிய தண்டனை. அதைவிட என்னை உறுத்தியது, வருகிற சனிக்கிழமை ஜெலுத்தோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது.

நாங்கள் மூன்று பேர். மீன் கெட்டுப்போனால் நிறம் மாறிக் காட்டும் மெல்லிய தாள் ஒன்றைச் சங்குப்பூச் சாயத்தில் செய்துகொண்டிருந்தோம். சாயத்தைப் பிரித்தெடுப்பது நான். தாளை உருவாக்குவது என் மலாய்த் தோழி. சோதித்துப் பார்ப்பது ஆய்வுக்கூடப் பொறுப்பாளர். சீனர், கூச்ச சுபாவம். அதே பூவை எடுத்துக்கொண்டு அவ்வப்போது பள்ளிகளுக்கும் போவோம். தமிழ்ப்பள்ளி என்றால் பேச்சு முழுக்க என்னுடையது. மற்ற இருவரும் குவளைகளை எடுத்துக் கொடுப்பார்கள்.

தள்ளிப்போடலாமா என்று போனில் எழுதி அனுப்பினேன். தோழி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"பிள்ளைங்க காத்துக்கிட்டு இருப்பாங்க அக்கா. நீங்க செஞ்சு காட்டுங்க, நாங்க பேசறோம்," என்றாள் மலாயில்.

எந்த மொழியில் என்று எழுதிக் காட்டினேன்.

"தமிழ்லதான்லா!"

நான் வாக்கியங்களை எழுதித் தந்தேன். பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த என் கணவர், அவற்றை நிறுத்தி நிறுத்திப் பேசி இருவருக்கும் பதிவு செய்து அனுப்பினார். அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் அவர் குரல்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். பொறுப்பாளர் குவளை கழுவிக்கொண்டே கூடச் சொல்லிப் பார்த்தாராம்.

பள்ளி மண்டபத்தில் தோழி வணக்கம் சொன்னபோதே கைதட்டல் விழுந்தது. நீலச் சாற்றில் நான் எலுமிச்சை பிழிய, அது ஊதாவாக மாறியது. அடுத்தது பொறுப்பாளரின் முறை. புளித்தண்ணீர்க் குவளையைத் தூக்கிப் பிடித்து, வேர்த்துக் கொட்ட, "இது புலி," என்றார்.

"புலியா அங்கிள்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்.

"ஆமா, புலி! நல்லா புலிக்கும்!"

மண்டபமே உறுமத் தொடங்கியது. எனக்குச் சிரிக்கவும் தடை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றேன், கண்ணில் நீர் வழிந்தது. ஆசிரியை ஒருவர் விஷயத்தை விளக்கியதும் பொறுப்பாளரின் முகம் சிவந்துபோனது. ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ கைவிரல்களை நகம்போல் மடக்கி, பிள்ளைகளைப் பார்த்து ஓர் உறுமல் விட்டார். பிறகு யாராலும் அவர்களை அடக்க முடியவில்லை. அவர்கள் அவருக்கு 'ளி' சொல்லிக்கொடுத்தார்கள். அவர் அவர்களுக்கு அமிலம் சொல்லிக்கொடுத்தார்.

நான் பேசும்போது பிள்ளைகள் அமைதியாகக் கேட்பார்கள். அதை நல்ல வகுப்பு என்று நம்பியிருந்தேன். அன்று அவர்கள் எங்களைவிட அதிகம் பேசினார்கள். நாங்கள் திட்டமிடாத கேள்விகளெல்லாம் வந்தன. அதன்பின் அதையே வழக்கமாக்கிக்கொண்டோம்: அந்தப் பள்ளியின் மொழி தெரியாதவர்தான் பேச வேண்டும். சீனப்பள்ளியில் என் மாண்டரினைக் கேட்டுப் பிள்ளைகள் பெஞ்சில் புரண்டு சிரித்ததை இன்றும் தோழி நடித்துக் காட்டுவாள்.

ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் இந்தப் பள்ளிப் பயணங்களுக்கும் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குக் குழு விருது என்று அறிவித்தார்கள். விழாவில் ஏற்பாட்டாளர் என்னிடம், "நீங்க மட்டும் மேடைக்கு வந்தா போதும் டாக்டர்," என்றார்.

"மூணு பேருக்கும்தானே விருது? மூணு பேரும் வர்றோம்," என்றேன்.

பொறுப்பாளர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. தோழிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஒலிவாங்கி என் கைக்கு வந்ததும், அந்த ஒரு வாரம் இருவரும் எனக்காக என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொன்னேன். அவர் தன் காலிலிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே இறங்கியதும், அதுவரை நான் பார்த்திராத அவர் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல அதிகம் பேசாத மனுஷன். ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு மட்டும் சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் பேசறாரு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

எனக்கா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தோழி எல்லோரையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நாசி கண்டார் சோறும் கறியும் சாப்பிடக் கிளப்பிவிட்டாள். காரில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் அவர் கணவரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது.