தொடுவதற்கு முன் ஒன்பது கேள்வி

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பாள். கட்டிலில் படுத்திருப்பவர் பத்து வருடமாக வருபவராகட்டும், போன வாரம் வந்து போனவராகட்டும், எல்லோருக்கும் அதேதான். "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? கால்ல வீக்கம் இருக்கா? எங்கேயாவது விழுந்தீங்களா?" மொத்தம் ஒன்பது கேள்வி. ஒன்பதுக்கும் பதில் வராமல் கை முன்னால் வராது.

பெண்களுக்கான அந்த மசாஜ் நிலையத்தில் அவளுக்குக் 'கேள்விக்காரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. "ஏம்மா, நான் உடம்பு பிடிச்சுக்க வந்தேனா, இன்டர்வியூவுக்கு வந்தேனா?" என்று அலுத்துக்கொள்வாள் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. "பாஸாயிட்டா கட்டில் உங்களுக்குத்தான்க்கா. சொல்லுங்க, சர்க்கரை எவ்வளவு?" என்பாள் இவள், சிரிக்காமல். வீட்டில் கணவன் தலைவலி என்று நெற்றியைக் காட்டினாலும் கேள்விதான். "கல்யாணத்துக்கு முன்னாடி இத்தனை கேள்வி கேட்டிருந்தா நீ தப்பிச்சிருப்பே" என்பான் அவன்.

தினமும் காலையில் நகத்தை ஒட்ட வெட்டி, அரம் போட்டுத் தேய்ப்பாள். சந்தையில் தக்காளியை அழுத்திப் பார்க்க மாட்டாள். கண்ணால் பார்த்தே பொறுக்குவாள். வீட்டுக்கு வந்தால் பாதி அழுகல்.

போன வருடம் வரை தக்காளியை எல்லோரையும்போல அழுத்திப் பார்த்து வாங்கியவள்தான். கேள்விகளை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அதையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், தையல்கார அக்கா வந்த அந்த ஒரு நாளைத் தவிர.

தையல்கார அக்கா எட்டு வருடப் பழக்கம். மிஷினில் குனிந்து குனிந்து தோள் கட்டையாக இறுகிப்போனவள். "என் முதுகைப் பத்தி என்னைவிட உனக்குத்தானே நல்லாத் தெரியும். ரெண்டு நாளாத் தூக்கமில்லை. இன்னிக்குக் கேள்வி எல்லாம் வேணாம், கையை வைம்மா" என்று கெஞ்சினாள். பாவமாக இருந்தது. கையை வைத்துவிட்டாள். "அமுக்கு, இன்னும் நல்லா" என்று கேட்கக் கேட்க அமுக்கினாள். பாதியிலேயே அக்கா குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள். கால்கள் மிச்சம் இருந்தன. எழுப்ப மனம் வராமல், கால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

மறுநாள் காலை மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். மகள் கதவைச் சாத்தினாள். அம்மாவின் சட்டையைப் பின்பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"இது உங்க கைதானே?"

முதுகெல்லாம் கன்னங்கரேலென்று கன்றியிருந்தது. பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. தொடாமல், அந்தத் தடத்துக்கு மேலே தன் கையை விரித்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. 

"ஐயோ, நானா? நானாக்கா இதைச் செஞ்சேன்?"

"பத்து நாள் முன்னாடி கால்ல ரத்தம் கட்டிக்கிச்சு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க. எங்கம்மா சொல்லலையா?"

"நான் கேக்கலையே" என்றாள் இவள்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவே ஓடினாள். அந்த மாத்திரையால்தான் இப்படிக் கன்றியிருக்கிறது, முதுகு இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "கால்ல கை வெச்சாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள் இவள். "நல்ல வேளை. அமுக்கியிருந்தா அந்த ரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போயிருக்கும். ஆள் மிஞ்சியிருக்க மாட்டாங்க." சுவரோரம் நின்றிருந்தவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அக்கா உயிரோடு இருப்பது தன் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, ஒரு குறட்டையால்!  இன்றைக்கும் யாராவது குறட்டை விட்டால் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிடுகிறாள்.

கேள்விகள் திரும்ப வந்துவிட்டன. அழுத்தம்தான் வரவில்லை. "என்னம்மா, தூசி தட்டுறியா?" என்று சிலர் கேட்டார்கள். சிலர் பக்கத்து அறைக்கு மாறிப்போனார்கள். கடைசியில் முதலாளியம்மா கூப்பிட்டுச் சொன்னாள்: "கேள்வி கேளு, வேணாங்கல. ஆனா வர்றவங்களுக்கு வலி போகணும்ல? பயந்த கையை வெச்சுக்கிட்டு இந்த வேலை பார்க்க முடியாது. இந்த மாசம் முடியட்டும், பார்க்கலாம்."

அந்த மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது தையல்கார அக்கா மறுபடி வந்தாள், ஏழு மாதம் கழித்து. கையில் டாக்டர் கடிதம். கட்டி கரைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தியாயிற்று, கால் உட்பட எங்கும் பிடித்துவிடலாம். இவள் அதை மூன்று தரம் படித்தாள்.

அக்கா ஏறிக் குப்புறப் படுத்தாள். "ம், கேளு."

ஒன்பதையும் கேட்டாள். ஒன்பதுக்கும் பதில் வந்தது. கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே கிடந்தன.

"அளவெடுக்காம நான் துணியில கத்திரி வைக்க மாட்டேன்" என்றாள் அக்கா, தலையணைக்குள்ளிருந்து. "உன்னைய மட்டும் அளவெடுக்காம கை வைக்கச் சொன்னேன் பாரு, என்னைத்தான் சொல்லணும். இப்பதான் அளவெடுத்துட்டியே, அப்புறம் என்ன? அன்னிக்கு விட்டுப்போனதை முதல்ல பாரு." சொல்லிவிட்டு, போர்வையை உதைத்துத் தள்ளிக் காலை நீட்டினாள்.

கேள்விக்காரியின் கைகள் முன்னால் வந்தன. புறங்கையால் இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்த்தாள். கட்டி இருந்தால் ஒரு கால் மட்டும் சுடும்; இரண்டிலும் சூடு ஒன்றுபோல இருந்தது. மறுபடி ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை ஊன்றி அழுத்தினாள்.